சென்னை சிட்டி வென்ற ஐ-லீக் பருவம் (2018–19): காரைக்குடி மைதானத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் மாலை வேளைகளில் கால்பந்துப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளும், அவர்களை அழைத்துச் செல்ல வந்து மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் பெரியவர்களும், தமிழ்நாட்டு அணி ஒன்று இந்தியாவின் தேசிய லீகை வென்ற பருவத்தைப் பற்றி என்னிடம் பல முறை கேட்டிருக்கிறார்கள். கேட்பவர்களில் பாதிப்பேருக்கு அப்படியொரு வெற்றி நடந்ததே புதிய செய்தியாக இருக்கிறது. தேவகோட்டையிலிருந்தும் புதுவயலிலிருந்தும் வருகிறவர்கள் அதே கேள்விகளைத் திரும்பவும் கேட்பதால், பதில்களை ஓரிடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

எந்தப் பருவத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

2018 அக்டோபர் 26 அன்று கோயம்புத்தூரில் தொடங்கி, 2019 மார்ச் 9 அன்று முடிந்த ஐ-லீக் பருவத்தைப் பற்றி. அதில் சென்னை சிட்டி எஃப்சி 43 புள்ளிகள் எடுத்து முதலிடம் பெற்றது. கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் 42 புள்ளிகளுடன் இரண்டாவதாக வந்தது. தமிழ்நாட்டைச் சேர்ந்த ஓர் அணி தேசிய லீகில் வாகை சூடியது அதுவே முதல் முறை.

லீக் என்பதற்கும் நம் ஊரில் நடக்கும் போட்டிகளுக்கும் என்ன வேறுபாடு?

நம் பக்கத்து ஊர்களில் கோடை விடுமுறையிலும் பொங்கலையொட்டியும் நடக்கும் போட்டிகள் பெரும்பாலும் நாக்-அவுட் முறையில் அமைந்தவை. தோற்ற அணி அன்று மாலையே பையைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பிவிடும். நான்கு ஆட்டங்களில் நன்றாக ஆடிவிட்டால், அல்லது நான்கு ஆட்டங்களில் அதிர்ஷ்டம் கூட வந்தால், கோப்பை கைக்கு வந்துவிடும்.

லீகில் அப்படி முடியாது. ஒவ்வோர் அணியும் மற்ற ஒவ்வோர் அணியோடும் இரண்டு முறை மோத வேண்டும். ஒரு முறை தன் மைதானத்தில், ஒரு முறை எதிரணியின் மைதானத்தில். வென்றால் 3 புள்ளிகள், சமநிலையானால் ஆளுக்கு 1 புள்ளி, தோற்றால் ஒன்றுமில்லை. இறுதிப் போட்டி என்று தனியாக ஒன்று கிடையாது. எல்லா ஆட்டங்களும் முடிந்த பிறகு அதிகப் புள்ளி வைத்திருக்கும் அணியே சாம்பியன்.

செட்டிநாட்டில் இதை விளக்குவது எளிது. நம் பெரியவர்கள் பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்திருந்த காலத்தில் அன்றாட வரவு செலவைப் பேரேட்டில் ஏற்றி, ஆண்டு முடிவில் ஐந்தொகை எடுத்தார்கள். ஒரே நாளில் பெரிய லாபம் வந்ததா என்று ஐந்தொகை கேட்பதில்லை. ஆண்டு முழுவதும் பதிந்த சிறு பற்றுகளும் சிறு வரவுகளும் சேர்ந்து எங்கே நிற்கின்றன என்றுதான் அது காட்டும். லீகின் புள்ளிப் பட்டியலும் அப்படியே. அக்டோபரில் அடித்த கோலுக்கும் மார்ச்சில் அடித்த கோலுக்கும் அதில் ஒரே மதிப்பு.

எத்தனை அணிகள் ஆடின? எங்கிருந்து வந்தவை?

மொத்தம் 11 அணிகள். கொல்கத்தாவிலிருந்து மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும், மிசோரமிலிருந்து ஐசால், மணிப்பூரிலிருந்து நெரோக்கா, மேகாலயாவிலிருந்து ஷில்லாங் லஜோங், கோவாவிலிருந்து சர்ச்சில் பிரதர்ஸ், பஞ்சாபிலிருந்து மினர்வா பஞ்சாப், கேரளத்திலிருந்து கோகுலம் கேரளா, காஷ்மீரிலிருந்து ரியல் காஷ்மீர், தமிழ்நாட்டிலிருந்து சென்னை சிட்டி. பதினோராவது அணியான இந்தியன் ஆரோஸ், அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு இளம் வீரர்களுக்கு அனுபவம் கிடைக்கட்டும் என்று நடத்திய அணி. அதில் வெளிநாட்டு வீரர்கள் கிடையாது.

அணி ஒன்றுக்கு 20 ஆட்டங்கள். ஐசாலிலிருந்து கோழிக்கோடு வரை, ஸ்ரீநகரின் குளிரிலிருந்து கோவாவின் புழுக்கம் வரை ஒரே பருவத்தில் அலைந்து ஆட வேண்டும் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்தப் பட்டத்தின் கனம் புரியும்.

சென்னை சிட்டியும் சென்னையின் எஃப்சியும் ஒன்றுதானே?

இல்லை. இந்தக் குழப்பம்தான் எல்லாரிடமும் முதலில் வருகிறது. சென்னையின் எஃப்சி என்பது இந்தியன் சூப்பர் லீகில் ஆடும் அணி. 2015-லும் 2017–18-லும் அந்த லீகின் சாம்பியன். சென்னை சிட்டி எஃப்சி வேறு நிர்வாகம், வேறு வீரர்கள், வேறு லீக். 1946-இல் தொடங்கிய மன்றம் அது. உள்ளூர் லீகில் ஆடிக்கொண்டிருந்த அந்த மன்றத்துக்கு 2016–17 பருவத்தில் ஐ-லீகில் நேரடி இடம் கிடைத்தது. அதே பருவத்தில் அதே வழியில் உள்ளே வந்த இன்னோர் அணி மினர்வா பஞ்சாப். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாளைப் பற்றிப் பேசும்போது மினர்வா மறுபடியும் வரும்.

சென்னை சிட்டி பட்டம் வென்ற அதே பருவத்தில் சென்னையின் எஃப்சி தன் லீகில் கடைசி இடத்தில் முடித்தது. ஒரே நகரத்தின் பெயரைத் தாங்கிய இரண்டு அணிகளில் பெரும் விளம்பரமும் திரைப் பிரபலங்களின் ஆதரவும் பெற்றிருந்த அணி கீழே கிடக்க, செய்தித்தாளின் உள்பக்கத்தில் இரண்டு அங்குல இடம் மட்டுமே கிடைத்துவந்த அணி நாட்டின் பட்டத்தை எடுத்தது.

சென்னை என்று பெயர் வைத்துக்கொண்டு ஏன் கோயம்புத்தூரில் ஆடினார்கள்?

ஐ-லீக் ஆட்டங்களுக்கு அவர்களுடைய சொந்த மைதானம் கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கம். சென்னையிலுள்ள நேரு அரங்கம் சென்னையின் எஃப்சியின் இருப்பிடமாக இருந்தது. கோவை மக்கள் இந்த அணியைத் தங்களுடையதாகவே ஏற்றுக்கொண்டார்கள். நமக்கும் அது ஒரு வகையில் வசதிதான். காரைக்குடியிலிருந்து சென்னைக்குப் போவதைக் காட்டிலும் கோவைக்குப் போவது சற்றுக் கிட்டம், ஏறக்குறைய 300 கிலோமீட்டர்.

அப்போது இந்தியன் சூப்பர் லீக் என்று ஒன்று இருந்ததே. ஐ-லீகை எப்படி முதல்நிலை லீக் என்று சொல்கிறீர்கள்?

இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத் தெளிவாகச் சொல்லாததனால்தான் அந்த வெற்றியின் மதிப்பு பலருக்குத் தெரியாமல் போயிற்று.

இந்தியாவில் தேசிய அளவிலான லீக் 1996-இல் தேசியக் கால்பந்து லீக் என்ற பெயரில் தொடங்கியது. அதன் முதல் சாம்பியன் பஞ்சாபின் ஜேசிடி. 2007-இல் அது ஐ-லீக் என்று மாற்றி அமைக்கப்பட்டது; முதல் பட்டம் கோவாவின் டெம்போவுக்கு. 2014-இல் இந்தியன் சூப்பர் லீக் வந்தது. தொடக்கத்தில் அது இரண்டு மூன்று மாதங்களில் முடிந்துவிடும் தனிப் போட்டியாக இருந்தது. 2017–18 முதல் இரண்டு லீகுகளும் ஒரே காலத்தில் நடக்கத் தொடங்கின. பெங்களூரு எஃப்சி ஐ-லீகை விட்டு அங்கே போய்ச் சேர்ந்தது.

ஆனாலும் 2018–19 வரை, ஆசியச் சாம்பியன்ஸ் லீகின் தகுதிச் சுற்றுக்கு இந்தியாவிலிருந்து போகும் இடம் ஐ-லீக் சாம்பியனுக்கே உரியதாக இருந்தது. சூப்பர் லீக் சாம்பியனுக்குக் கிடைத்தது அதற்கு அடுத்த நிலையிலுள்ள ஏஎஃப்சி கோப்பையின் தகுதிச் சுற்று. 2019 அக்டோபரில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு புதிய திட்டத்துக்கு ஒப்புதல் தந்த பிறகுதான் சூப்பர் லீக் நாட்டின் முதன்மை லீக் என்ற நிலையை அடைந்தது. ஆகவே, ஐ-லீக் அந்த உரிமையோடு நடந்த கடைசிப் பருவம் இதுதான். அந்தக் கடைசிப் பட்டம் தமிழ்நாட்டுக்கு வந்தது. இதை இரண்டாம் தர வெற்றி என்று யாரேனும் சொன்னால், அது வரலாற்றுக்குப் பொருந்தாத பேச்சு என்று தயங்காமல் சொல்லுங்கள்.

பயிற்சியாளர் யார்?

அக்பர் நவாஸ், சிங்கப்பூரைச் சேர்ந்தவர். அங்கே டாம்பைன்ஸ் ரோவர்ஸ் அணிக்குப் பயிற்சியாளராக இருந்தவர். சிங்கப்பூர் என்றதும் நம் ஊரில் ஒவ்வொரு வளவிலும் யாராவது ஒருவருக்கு ஓர் உறவுக்காரர் நினைவுக்கு வந்துவிடுவார். இந்தச் செய்தியைச் சொன்னபோது, பேரனைக் கூட்டிப் போக வந்திருந்த ஓர் ஆச்சி, "நம்ம ஆளுக அங்கே போய்த் தொழில் கத்துக்கிட்டு வந்தாக, இப்ப அங்கேயிருந்து ஒருத்தர் வந்து இங்கே கத்துக்குடுத்திருக்காக" என்றார். எனக்கு அது மிகவும் பொருத்தமாகப் பட்டது.

அவர் ஆடவைத்த முறை தெளிவானது. கோல்கீப்பரிடமிருந்தே பந்தைத் தரையோடு தரையாக நகர்த்தி, சிறு சிறு பாஸ்களால் எதிரணியை இழுத்து, இடைவெளி திறந்தவுடன் முன்னே பாய்வது. நீளமாக உதைத்துவிட்டு ஓடுவதே வழக்கமாக இருந்த லீகில் இப்படி ஆடுவதற்குத் துணிவு வேண்டும். தன் பாதியிலேயே பந்தை இழந்து கோல் வாங்கும் ஆபத்து அந்த முறையில் உண்டு; சென்னை சிட்டி சில கோல்களை அப்படி வாங்கவும் செய்தது. அதற்காக முறையை மாற்றிக்கொள்ளவில்லை.

ஸ்பெயின் வீரர்கள்தானே வென்று கொடுத்தார்கள்? நம் பிள்ளைகள் என்ன செய்தார்கள்?

ஸ்பெயின் வீரர்களின் பங்கு பெரிது; அதைக் குறைத்துச் சொல்வது நியாயமில்லை. உருகுவேயில் பிறந்து ஸ்பெயினின் கீழ்நிலை லீகுகளில் ஆடிவந்த பெட்ரோ மான்சி 21 கோல்கள் அடித்தார். நெஸ்டர் கோர்டில்லோவும் சாண்ட்ரோ ரொட்ரிகஸும் நடுக்களத்திலிருந்து தாக்குதலை நடத்தினார்கள். ராபர்டோ எஸ்லாவா பின்களத்தைப் பிடித்துக்கொண்டார். இவர்களில் எவரும் உலகப் புகழ் பெற்றவர்கள் அல்லர். பெரிய பெயரை விலைக்கு வாங்காமல், தான் ஆட நினைக்கும் முறைக்குப் பொருந்துகிற ஆட்களைத் தேடிப் பிடித்தது நிர்வாகத்தின் கெட்டிக்காரத்தனம்.

ஆனால் களத்தில் 11 பேர் ஆட வேண்டும். மீதி இடங்களில் ஆடியவர்களில் பலர் தமிழ்நாட்டின் மைதானங்களில் வளர்ந்தவர்கள். எட்வின் சிட்னி வான்ஸ்பால் நடுக்களத்திலும் பின்களத்திலும், எங்கே நிறுத்தினாலும் ஆடினார். அஜித்குமார் காமராஜ் பக்கவாட்டுத் தடுப்பாளராக மேலும் கீழும் ஓடிக்கொண்டேயிருந்தார். அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் ஓரக்களத்தில் வேகம் கொடுத்தார். பாண்டியன் சீனிவாசன் போன்ற இளைஞர்களுக்கும் இந்த அணியில்தான் வாய்ப்புக் கிடைத்தது. சென்னை லீகில் சிறிய மன்றங்களுக்கு ஆடிக்கொண்டிருந்த இத்தகைய பிள்ளைகளுக்குத் தேசிய லீகின் வாசலைத் திறந்துவிட்டதே இந்த அணியின் மிகப் பெரிய சாதனை என்பது என் கருத்து.

அந்தப் பருவம் வெறும் தற்செயல் அல்ல என்பதற்குப் பின்னால் நடந்தவை சாட்சி. எட்வின் சென்னையின் எஃப்சிக்கும், ரொமாரியோ எஃப்சி கோவாவுக்கும், அஜித்குமார் பெங்களூரு எஃப்சிக்கும் போனார்கள். நம் பிள்ளைகளைப் பெரிய மன்றங்கள் தேடி வந்தன.

ஒரே ஒரு புள்ளி வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. இரண்டு அணிகளின் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சென்னை சிட்டி 20 ஆட்டங்களில் 13 வெற்றி, 4 சமநிலை, 3 தோல்வி. ஈஸ்ட் பெங்கால் 20 ஆட்டங்களில் 13 வெற்றி, 3 சமநிலை, 4 தோல்வி. வெற்றிகளின் எண்ணிக்கை ஒன்றுதான். ஈஸ்ட் பெங்கால் தோற்ற இடத்தில் சென்னை சிட்டி ஒரே ஒரு முறை தோற்காமல் சமன் செய்துகொண்டு வந்தது. நாட்டின் பட்டம் அந்த ஒற்றைப் புள்ளியில் நின்றது.

ஆட்டம் சமநிலையில் முடியும்போது தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியேறும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைத்தான் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறேன். 80-ஆவது நிமிடத்தில் பின்தங்கியிருக்கும் அணி ஒரு கோல் அடித்துச் சமன் செய்தால், அன்று அது பெரிதாகத் தெரியாது. பருவம் முடிந்து கூட்டிப் பார்க்கும்போது அதன் மதிப்புத் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. சென்னை சிட்டி, ஈஸ்ட் பெங்காலை நவம்பரில் கொல்கத்தாவில் 2–1 என்றும், ஜனவரியில் கோவையில் 2–1 என்றும் இரண்டு முறையும் தோற்கடித்தது. ஈஸ்ட் பெங்கால் அந்தப் பருவத்தில் கண்ட நான்கு தோல்விகளில் இரண்டு இவர்களிடம் கண்டவை. கொல்கத்தாவின் சால்ட் லேக் அரங்கத்தில் ஈஸ்ட் பெங்கால் ரசிகர்களின் முழக்கத்துக்கு நடுவே போய் வென்று வருவது சிறிய காரியமில்லை. அந்த ஆட்டத்தை வென்றிராவிட்டால் பட்டியல் தலைகீழாகியிருக்கும்.

இரண்டு அணிகளும் ஒரே புள்ளியில் முடித்திருந்தால்?

புள்ளிகள் சமமானால் முதலில் அந்த இரு அணிகளும் தமக்குள் ஆடிய ஆட்டங்களின் முடிவைப் பார்ப்பார்கள். இரண்டையும் வென்றிருந்ததால் சென்னை சிட்டியே சாம்பியன் ஆகியிருக்கும்.

கடைசி நாளில் என்ன நடந்தது?

2019 மார்ச் 9, சனிக்கிழமை. சென்னை சிட்டியிடம் 40 புள்ளிகள், ஈஸ்ட் பெங்காலிடம் 39. சென்னை சிட்டி கோவையில் மினர்வா பஞ்சாபையும், ஈஸ்ட் பெங்கால் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவையும் ஒரே நேரத்தில் சந்தித்தன. மினர்வா முந்தைய ஆண்டின் சாம்பியன். சென்னை சிட்டியோடு ஒரே பருவத்தில் லீகுக்குள் நுழைந்த அணி என்று முன்பு சொன்னேனே, அதுவேதான். ஆக, ஒன்றாக வாசல் ஏறிய இரண்டு அணிகளில், பட்டத்தை வைத்திருந்த அணியை வென்றுதான் மற்ற அணி பட்டத்தை எடுக்க வேண்டியிருந்தது.

ஆட்டம் தொடங்கி 3-ஆவது நிமிடத்திலேயே மினர்வாவின் ரோலண்ட் பிலாலா கோல் அடித்துவிட்டார். அரங்கம் அடங்கிப்போயிற்று. இடைவேளை வரை பதில் கோல் வரவில்லை. அந்த நிலையில் ஆட்டம் முடிந்து, கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் வென்றிருந்தால் 42-க்கு 40 என்று பட்டம் கொல்கத்தாவுக்குப் போயிருக்கும். தேசிய லீகை 2003–04-க்குப் பிறகு ஈஸ்ட் பெங்கால் வென்றதில்லை. அவர்களுடைய ரசிகர்களின் பதினைந்து ஆண்டுக் காத்திருப்பு அன்று முடிந்துவிடும் என்றே தோன்றியது.

56-ஆவது நிமிடத்தில் பெனால்டி. பெட்ரோ மான்சி பந்தை வலைக்குள் தட்டி 1–1 ஆக்கினார். அதுவும் போதாது. ஈஸ்ட் பெங்கால் வென்றுவிட்டால் சமநிலையில் கிடைக்கும் 41 புள்ளிகள் இரண்டாம் இடத்துக்குத்தான் உதவும். 69-ஆவது நிமிடத்தில் அசாமைச் சேர்ந்த தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா கோல் அடித்து 2–1 ஆக்கினார். இதற்கிடையே கோழிக்கோட்டில் கோகுலம் முதலில் முன்னிலை பெற்றது. பின்பு ஈஸ்ட் பெங்கால் இரண்டு கோல்கள் அடித்து 2–1 என்று முந்திவிட்டது. அதாவது, கோவையில் மினர்வா இன்னும் ஒரு கோல் அடித்துவிட்டால் கோப்பை கைமாறிவிடும் என்ற நிலைமையில் கடைசி நிமிடங்கள் கழிந்தன. கூடுதல் நேரத்தின் 3-ஆவது நிமிடத்தில் அதே கௌரவ் போரா இரண்டாவது கோலையும் அடித்தார். 3–1. பருவம் முழுவதும் கோல் மழை பொழிந்தவர்கள் முன்களத்தில் நிற்க, பட்டத்தை உறுதிசெய்த இரண்டு கோல்களும் ஒரு தடுப்பாட்டக்காரரின் பெயரில் பதிவாயின.

அதிகக் கோல் அடித்தவர் மான்சி மட்டும்தானா?

இருவர். சென்னை சிட்டியின் பெட்ரோ மான்சியும் சர்ச்சில் பிரதர்ஸின் வில்லிஸ் பிளாசாவும் தலா 21 கோல்கள். பிளாசா டிரினிடாட் நாட்டுக்காரர். மான்சி முதல் நாள் ஆட்டத்திலேயே இந்தியன் ஆரோஸுக்கு எதிராக ஹாட்ரிக் அடித்தார். அதில் சென்னை சிட்டி 4–1 என்று வென்றது.

காஷ்மீர் அணியைப் பற்றிச் சொல்லுங்கள்.

ரியல் காஷ்மீர் 2016-இல் தொடங்கப்பட்ட மன்றம். 2014 பெருவெள்ளத்துக்குப் பிறகு, ஸ்ரீநகர் இளைஞர்களுக்குச் செய்வதற்கு ஏதேனும் வேண்டும் என்று பந்துகளைக் கொடுத்ததில் தொடங்கி, இரண்டாம் நிலை லீகை வென்று 2018–19-இல் முதன்முறையாக ஐ-லீகுக்கு வந்தது. காஷ்மீரிலிருந்து இந்த உயரத்துக்கு வந்த முதல் அணி. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த டேவிட் ராபர்ட்சன் பயிற்சியாளர். முதல் ஆட்டத்திலேயே நடப்புச் சாம்பியனான மினர்வாவை அதன் இடத்திலேயே 1–0 என்று வென்று, பருவத்தின் முடிவில் மூன்றாம் இடத்தைப் பிடித்தது.

2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் தாக்குதல் நடந்தது. அதற்கு நான்கு நாட்கள் கழித்து ஸ்ரீநகரில் நடக்கவேண்டிய ஆட்டத்துக்கு மினர்வா பஞ்சாப் போகவில்லை. ஈஸ்ட் பெங்காலுடனான ஆட்டம் டெல்லிக்கு மாற்றப்பட்டது. அந்தச் சூழலிலும் அந்தப் பிள்ளைகள் மனம் தளராமல் பருவத்தை முடித்தார்கள். சாம்பியன் நம் அணி என்றாலும், அந்தப் பருவத்தில் என் மனத்தில் ஆழமாகப் பதிந்த அணி அது.

கீழே இறங்கியது யார்?

ஷில்லாங் லஜோங், கடைசி இடம். வடகிழக்கிலிருந்து எத்தனையோ நல்ல வீரர்களை உருவாக்கிய மன்றம் அது. அந்தப் பருவத்தில் பெரும்பாலும் உள்ளூர் இளைஞர்களையே நம்பி ஆடியது.

இவ்வளவு பெரிய விஷயம் நமக்கு ஏன் தெரியவில்லை?

அந்தப் பருவத்தின் எல்லா ஆட்டங்களும் தொலைக்காட்சியில் வரவில்லை என்பது முதல் காரணம். கால்பந்து பார்க்கும் நம் வீடுகளில்கூட நள்ளிரவில் விழித்திருந்து பார்ப்பது இங்கிலாந்து, ஸ்பெயின் லீகுகளை. மார்ச் முதல் வாரம் இங்கே பொதுத்தேர்வுக் காலம். மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயிலின் மாசி–பங்குனித் திருவிழாவை எதிர்பார்த்து ஊரே பரபரக்கும் காலமும்கூட. ஆனால் இவை எல்லாவற்றையும் சொன்ன பிறகும், குறை நம்மிடமும் இருக்கிறது. சிராவயல் மஞ்சுவிரட்டில் எந்த மாடு யாரிடமும் பிடிபடாமல் போயிற்று என்பதை ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கும் நினைவாற்றல் நம் ஊர்க்காரர்களுக்கு உண்டு. அதில் சிறிது இடத்தை இந்த அணிக்கும் கொடுத்திருக்கலாம்.

இதற்கு முன் தமிழ்நாட்டு அணி எதுவும் தேசிய லீகில் ஆடியதில்லையா?

ஆடியிருக்கிறது. பழைய தேசியக் கால்பந்து லீகில் சென்னையின் இந்தியன் வங்கி அணி பல பருவங்கள் ஆடியது. ஊழியர்களாக வேலையில் சேர்த்துக்கொண்டு வீரர்களை வளர்த்த அணி அது. பட்டம் வெல்லவில்லை. சென்னை சிட்டிக்கு முன் இரண்டு பருவங்களில் ஐசாலும் (2016–17) மினர்வாவும் (2017–18) முதன்முறையாகப் பட்டம் வென்றிருந்தன. ஐ-லீக் என்று மாறியதிலிருந்து கொல்கத்தா, கோவா, பெங்களூரு என்றே சுற்றிவந்த கோப்பை, அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் புதிய ஊர்களுக்குப் போனது.

வெளிநாட்டு மன்றம் ஒன்று பங்கு வாங்கியதாகச் சொல்கிறார்களே?

உண்மை. 2019 ஜனவரியில், பருவம் நடந்துகொண்டிருந்தபோதே, சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசெல் மன்றம் சென்னை சிட்டியின் 26 சதவீதப் பங்குகளை வாங்கியது.

சாம்பியன் ஆன பிறகு ஆசியப் போட்டியில் என்ன ஆயிற்று?

2020 ஜனவரி 14 அன்று ஆசியச் சாம்பியன்ஸ் லீகின் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் அல் ரிஃபா அணியிடம் 0–1 என்று தோற்றது. அந்த ஆட்டம் அகமதாபாதில் நடந்தது. கோவையில் தங்கள் ரசிகர்களுக்கு முன்னால் ஆடியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்ற ஏக்கம் எனக்கு உண்டு. பின்னர் ஏஎஃப்சி கோப்பையில் மாலத்தீவின் மாசியாவுடன் 2–2 என்று சமன் செய்தது. அதற்குள் கொரோனா வந்து அந்தப் போட்டியே நின்றுவிட்டது.

சென்னை சிட்டி இப்போது எங்கே ஆடுகிறது?

2021–22 பருவத்திலிருந்து அது ஐ-லீகில் இல்லை. மான்சி அதற்கு முன்பே, 2020 தொடக்கத்தில், ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டாவுக்குப் போய்விட்டார். பட்டம் வென்ற அணி ஒவ்வொருவராகப் பிரிந்தது. அன்று எதிரில் நின்ற மினர்வா பஞ்சாபோ பெயரும் நிர்வாகமும் மாறி, 2022–23-இல் ஐ-லீகை வென்று, அந்த வழியாகச் சூப்பர் லீகுக்கு ஏறிய முதல் அணி ஆயிற்று. அந்த இடத்தில் நம் அணியும் இருந்திருக்க வேண்டும். மூன்றே பருவங்களில் ஒரு சாம்பியன் அணி களத்திலிருந்து மறைவதை எந்த மாநிலமும் இவ்வளவு அமைதியாகப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

அந்தக் கடைசி ஆட்டத்தின் பதிவைப் பார்க்க உட்காரும் பிள்ளைக்கு எதைக் கவனிக்கச் சொல்வீர்கள்?

கோல்களை எல்லாரும் பார்ப்பார்கள். 3-ஆவது நிமிடத்துக்கும் 56-ஆவது நிமிடத்துக்கும் நடுவில் உள்ள 53 நிமிடங்களைப் பார்க்கச் சொல்வேன். பட்டம் கை நழுவிக்கொண்டிருக்கிறது, அரங்கம் பதறுகிறது, கோழிக்கோட்டில் என்ன நடக்கிறதோ என்ற கவலை வேறு. அந்த நேரத்தில் பந்து பின்களத்துக்கு வரும்போதெல்லாம் தடுப்பாட்டக்காரர்களின் பாதங்களைக் கவனியுங்கள். கண்ணை மூடிக்கொண்டு முன்னே உதைக்கிறார்களா, தலையை நிமிர்த்திப் பக்கத்தில் நிற்பவனைத் தேடுகிறார்களா என்று எண்ணிக்கொண்டே வாருங்கள். எண்ணியதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு மறுநாள் பயிற்சிக்கு வாருங்கள், அங்கிருந்து தொடங்கலாம்.